சாலை ஸ்மார்ட் ஆனால் போதுமா? கொலம்பஸ் நகரம் தரும் பாடம்

'ஸ்மார்ட் சிட்டி' என்ற சொல் நமக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்றிய அரசு 100 நகரங்களை மேம்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. நகரங்கள் போட்டியிட்டுத் தத்தம் திட்டங்களைச் சமர்ப்பித்தன. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோவை, மதுரை, திருச்சி உள்ளிட்ட 11 நகரங்கள் தேர்வாயின.

அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் ஏறத்தாழ இதே பாணியில் ஒரு போட்டியை அறிவித்தது. நடுத்தர அளவிலான 78 நகரங்கள் விண்ணப்பித்தன. ஏழு நகரங்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. 2016 ஜூன் மாதம் வெற்றி பெற்றது ஒஹாயோ மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸ். பரிசுத் தொகையாக அரசிடமிருந்து 4 கோடி டாலர் கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனின் நிறுவனம் 1 கோடி டாலர் வரை தருவதாக அறிவித்தது.

அந்தத் திட்டம் 2021-இல் முடிந்தது. எது பலன் தந்தது, எது தரவில்லை என்பதை அந்நகரமே அறிக்கைகளாக வெளியிட்டிருக்கிறது. நம் ஊர்களிலும் சிக்னல்களில் கேமராக்கள் முளைக்கின்றன; கட்டுப்பாட்டு அறைகள் திறக்கப்படுகின்றன. ஆகவே, ஒரு சாலையில் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர நினைப்பவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் கொலம்பஸ் அனுபவத்தின் துணையோடு பார்ப்போம்.

ஸ்மார்ட் சாலை என்றால் என்ன?

பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிமையானது. சாலையில் என்ன நடக்கிறது என்பதைக் கருவிகள் பார்க்கின்றன. அதைக் கொண்டு ஒரு கணினி முடிவெடுக்கிறது. அந்த முடிவு சிக்னலுக்கோ, பேருந்துக்கோ, பயணியின் கைபேசிக்கோ போய்ச் சேர்கிறது.

சிக்னலையே எடுத்துக்கொள்வோம். சாதாரண சிக்னல் யாரோ ஒருவர் எப்போதோ எழுதிவைத்த நேர அட்டவணைப்படி ஓடுகிறது. காலை இத்தனை விநாடி, மாலை இத்தனை விநாடி. அவ்வளவுதான். அந்தச் சந்திப்பில் ஒரு பள்ளிவாசல் இருந்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியே வந்தாலும் அதற்குத் தெரியாது. எதிர்ப்பக்கம் ஒரு வாகனமும் இல்லாதபோது அங்கே பச்சை எரியும். இங்கே கூட்டம் காத்துக்கிடக்கும்.

இதைச் சரிசெய்ய மூன்று படிகள் உண்டு.

முதல் படி, அடுத்தடுத்த சிக்னல்களை ஒன்றோடொன்று இணைப்பது. இரண்டு சந்திப்புகளுக்கு இடையே 500 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாகனம் அந்தத் தூரத்தை 45 விநாடியில் கடக்கும். முதல் சிக்னல் பச்சையான 45-ஆவது விநாடியில் அடுத்த சிக்னல் பச்சையானால், வாகனங்கள் நிற்காமலேயே போய்விடும். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. எல்லா சிக்னல்களின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். அட்டவணையை அவ்வப்போது திருத்த ஒரு பொறியாளர் வேண்டும்.

இரண்டாவது படி, சாலையைப் பார்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல். சாலையின் அடியில் பதித்த கம்பிச் சுருளோ, கம்பத்தில் உள்ள கேமராவோ, ரேடாரோ வாகனங்களை எண்ணிச் சொல்லும். பிட்ஸ்பர்க் நகரில் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் ஒன்பது சந்திப்புகளில் இப்படி ஓர் அமைப்பைச் சோதித்தார்கள். பயண நேரம் ஏறத்தாழ 25 விழுக்காடும், நின்று காத்திருக்கும் நேரம் ஏறத்தாழ 40 விழுக்காடும் குறைந்ததாக அவர்கள் அறிவித்தார்கள்.

மூன்றாவது படி, யாருக்கு முன்னுரிமை என்பதை சிக்னலுக்குக் கற்றுக்கொடுப்பது. ஆம்புலன்ஸ் வந்தால் அதற்கு வழிவிட மற்ற எல்லாத் திசைகளையும் நிறுத்தலாம். பேருந்து நெருங்கி வந்தால் பச்சையைச் சில விநாடிகள் நீட்டிக்கலாம். அல்லது சிவப்பைச் சற்று முன்பே முடிக்கலாம். 50 பேரைச் சுமந்து வரும் பேருந்தும் ஒருவர் மட்டும் அமர்ந்திருக்கும் காரும் சிக்னலின் கண்ணில் சமமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. இந்தக் கேள்விக்குக் கணினி பதில் சொல்லாது. நகரத்தை ஆள்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கிளீவ்லேண்ட் அவென்யூவின் கதை

கொலம்பஸ் நகர மையத்திலிருந்து வடக்கே நீளும் முக்கியச் சாலைகளில் ஒன்று கிளீவ்லேண்ட் அவென்யூ. அது லிண்டன் என்ற பகுதியைக் கடந்து செல்கிறது. பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும், வருமானம் குறைந்த பகுதி அது. பல வீடுகளில் கார் கிடையாது. அமெரிக்காவில் கார் இல்லையென்றால் வேலை, மருத்துவமனை, காய்கறிக் கடை எல்லாமே எட்டாத தூரம்தான். லிண்டனைத் தாண்டி மேலும் வடக்கே போனால் சோமாலிய முஸ்லிம்களின் கடைகளையும் உணவகங்களையும் காணலாம். அமெரிக்காவில் சோமாலியர்கள் அதிகம் வாழும் நகரங்களில் மினியாபோலிஸ் பகுதிக்கு அடுத்த இடம் கொலம்பஸுக்குத்தான்.

லிண்டனுக்கு இன்னொரு துயரமும் உண்டு. பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் குழந்தைகள் இறந்துபோகும் விகிதம் கொலம்பஸில் மிக அதிகமாக இருந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. ஒஹாயோ மாநிலத்தில் வெள்ளையினக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகள் இரண்டு மடங்குக்கும் மேலான விகிதத்தில் இறக்கிறார்கள். இதைக் குறைப்பதற்கென்றே 2014-இல் கொலம்பஸில் தனி முயற்சி தொடங்கப்பட்டது. கர்ப்பிணிகள் மருத்துவரிடம் போக முடியாமல் தவறவிடும் பரிசோதனைகள் ஒரு முக்கியக் கவலையாக இருந்தன. போக வாகனம் இல்லை என்பது அதற்கான காரணங்களில் ஒன்று.

கொலம்பஸ் தன் விண்ணப்பத்தில் முன்வைத்ததும் இதைத்தான். தொழில்நுட்பத்தின் வழியே லிண்டன் மக்களை வேலைக்கும் மருத்துவத்துக்கும் அருகில் கொண்டுவருவோம் என்றது. அந்த வாக்குறுதிதான் மற்ற விண்ணப்பங்களிலிருந்து அதைத் தனித்துக் காட்டியது.

என்னென்ன செய்தார்கள்? விளைவு என்ன?

கிளீவ்லேண்ட் அவென்யூவில் 2018 ஜனவரி 1 அன்று விரைவுப் பேருந்துத் தடம் ஒன்று ஓடத் தொடங்கியது. பரிசுப் போட்டிக்கு முன்பே நகரப் போக்குவரத்து நிறுவனம் திட்டமிட்டிருந்த தடம் அது. நகர மையத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரம். நிறுத்தங்கள் குறைவு; பேருந்துகள் அடிக்கடி வரும்; சிக்னல்களில் பேருந்துக்கு முன்னுரிமை உண்டு. இதில் வியப்பூட்டும் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஆனால் கார் இல்லாத ஒருவர் வீட்டுக்கு அருகே ஏறி, வேலைக்கோ மருத்துவமனைக்கோ நேரத்தோடு போய்ச்சேர அது உதவியது.

பரிசுப் பணத்தில் வந்தவற்றில் எல்லோர் கண்ணையும் கவர்ந்தது ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் சிறு பேருந்து. 2020 பிப்ரவரி தொடக்கத்தில் லிண்டன் தெருக்களில் அது ஓடியது. இரண்டே வாரத்தில், மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று நின்றதில் பயணி ஒருவர் இருக்கையிலிருந்து விழுந்தார். பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. அதே நிறுவனத்தின் வண்டிகள் வேறு மாநிலங்களிலும் பயணிகளை ஏற்றுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் கொரோனா காலத்தில் அந்த வண்டியை வைத்து, ஒரு சமூக நல மையத்திலிருந்து ஏறத்தாழ 3,600 உணவுப் பெட்டிகளைக் கொண்டுசேர்த்தார்கள். பசித்தவர்களுக்கு உணவு போய்ச்சேர்ந்தது நல்ல காரியம்தான். ஆனால் அந்த வேலையை ஒரு சாதாரண வேன்கூடச் செய்திருக்கும்.

அடுத்து, வாகனங்களும் சிக்னல்களும் வானொலி அலை வழியாகப் பேசிக்கொள்ளும் அமைப்பு. கிளீவ்லேண்ட் அவென்யூ உள்ளிட்ட சாலைகளின் 85 சந்திப்புகளில் கருவிகள் பொருத்தப்பட்டன. ஏறத்தாழ 1,000 வாகனங்களில் அவற்றோடு பேசும் கருவிகள் வைக்கப்பட்டன. சிவப்பு விளக்கைத் தாண்டப்போகிறீர்கள், பள்ளிப் பகுதியில் வேகமாகப் போகிறீர்கள் என்று அது ஓட்டுநரை எச்சரிக்கும். 2020 அக்டோபரில் சோதனை தொடங்கியது. அடுத்த மாதமே அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அந்த அலைவரிசையின் பெரும்பகுதியை வை-ஃபை போன்ற வேறு பயன்பாடுகளுக்கு ஒதுக்கியது. மீதியையும் வேறொரு தொழில்நுட்பத்துக்கு மாற்ற முடிவெடுத்தது. பல ஆண்டுகள் திட்டமிட்டுப் பொருத்திய கருவிகள், ஓட ஆரம்பித்த உடனேயே பழையவை ஆகிப்போயின.

கடைசியாக, கர்ப்பிணிகளுக்கான வாகன உதவி. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் இலவச வாகன வசதி ஏற்கெனவே இருந்தது. ஆனால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சொன்ன நேரத்துக்கு வண்டி வரும் என்ற உறுதியும் இல்லை. 2019-இல் தொடங்கிய சோதனையில் 140-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பழைய ஏற்பாடே தொடர்ந்தது. இன்னொரு பிரிவினர் கைபேசிச் செயலியிலோ தொலைபேசியிலோ தேவைப்பட்டபோது வண்டியை அழைக்கலாம். மருத்துவரிடம் மட்டுமல்லாமல் மருந்துக் கடைக்கும் மளிகைக் கடைக்கும்கூடப் போகலாம். இந்தப் பிரிவுப் பெண்கள் கூடுதலாகப் பயணித்தார்கள். சேவை குறித்து அதிக மனநிறைவும் தெரிவித்தார்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துக் குழந்தை இறப்பு குறைந்ததா என்று அளக்க முடியாது. ஆனால் எந்தத் தேவைக்காகத் திட்டம் தொடங்கியதோ, அந்தத் தேவையை நேரடியாகத் தொட்டது இந்தச் சேவைதான்.

எது முதலில்?

மேலே சொன்னவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். கையில் ஒரு கருவி இருக்கிறது, இதை எங்கே பயன்படுத்தலாம் என்று தேடியதில் ஓட்டுநரில்லாத பேருந்து வந்தது. ஒரு பெண் மருத்துவரிடம் போக முடியவில்லை, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில் வாகன உதவி வந்தது. முதலாவது இரண்டு வாரம் பயணிகளை ஏற்றியது. இரண்டாவது, சோதனை முடியும்வரை மக்களுக்குப் பயன்பட்டது.

இந்த வரிசையை அமெரிக்கச் சட்டமும் வற்புறுத்துகிறது. 2001 முதல், மத்திய அரசின் நெடுஞ்சாலை நிதியைப் பெறும் இத்தகைய தொழில்நுட்பத் திட்டங்கள் முறையான ஆய்வுக்குப் பிறகே தொடங்கப்பட வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. முதலில் அந்தச் சாலையைப் பயன்படுத்துவோர் யார், அவர்களின் தேவை என்ன என்று எழுத வேண்டும். அடுத்து, திட்டம் நிறைவேறியபின் ஒரு நாள் அந்தச் சாலை எப்படி இயங்கும், யார் என்ன வேலை செய்வார்கள் என்பதை எளிய மொழியில் எழுத வேண்டும். அதன்பிறகுதான் என்ன கருவி, எத்தனை கருவி என்ற கணக்கு. கருவியைப் பொருத்தியபின் மீண்டும் முதல் தாளுக்குத் திரும்பி, அன்று எழுதிய தேவை நிறைவேறியதா என்று சோதிக்க வேண்டும்.

கடைசிப் படிதான் பெரும்பாலும் விடுபடுகிறது. எத்தனை கேமரா பொருத்தினோம் என்று கணக்குச் சொல்வது எளிது. எத்தனை பேர் நேரத்தோடு மருத்துவமனை போய்ச்சேர்ந்தார்கள் என்று சொல்ல, திட்டம் தொடங்குமுன்பே அதை அளந்திருக்க வேண்டும்.

நடப்பவர் எங்கே?

ஒரு சாலைத் திட்டம் யாரை மறந்திருக்கிறது என்பதை அறிய நல்ல வழி, நடந்து கடப்பவருக்கு எத்தனை விநாடி கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான். ஒருவர் விநாடிக்கு மூன்றரை அடி நடப்பார் என்று அமெரிக்கப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். முன்பு நான்கு அடி என்று கணக்கிட்டார்கள். முதியவர்களால் அந்த வேகத்தில் கடக்க முடியவில்லை என்று தெரிந்ததும் 2009-இல் குறைத்தார்கள். 70 அடி அகலச் சாலையைக் கடக்க நான்கு அடிக் கணக்கில் பதினேழரை விநாடி போதும். மூன்றரை அடிக் கணக்கில் 20 விநாடி வேண்டும். தடி ஊன்றி நடக்கும் மூதாட்டிக்கு அந்த இரண்டரை விநாடி பெரிய விஷயம்.

கணினியிடம் வாகனங்களின் காத்திருப்பைக் குறை என்று மட்டும் சொன்னால், அது முதலில் கைவைப்பது இந்த விநாடிகளில்தான். ஏனென்றால் சாலையோரம் நிற்பவரை அதன் கேமரா எண்ணுவதில்லை. எண்ணச் சொல்லி யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆகவே நடப்பவரின் நேரத்தைக் குறைக்கவே கூடாத எல்லையாகத் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

கேமரா யாருக்காக?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சான் டியாகோ நகரம் 2016-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஸ்மார்ட் தெருவிளக்குகளுக்கு ஒப்புதல் அளித்தது. மின்சாரத்தைச் சேமிக்கலாம், வாகனங்களை எண்ணலாம் என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். அவற்றிலிருந்த கேமராப் பதிவுகளைக் காவல்துறை குற்ற விசாரணைகளுக்குப் பயன்படுத்திவந்தது பின்னர் தெரியவந்தது. மக்களிடம் எதிர்ப்பு எழுந்தது. தெளிவான விதிகள் வரும்வரை கேமராக்களை நிறுத்திவைக்க 2020-இல் மேயர் உத்தரவிட நேர்ந்தது.

குற்றவாளியைப் பிடிப்பது தவறா என்று சிலர் கேட்கலாம். கேள்வி அதுவல்ல. ஒரு காரணம் சொல்லி வைத்த கண்ணை வேறொரு காரணத்துக்குத் திருப்பும்போது மக்களிடம் கேட்க வேண்டாமா என்பதுதான் கேள்வி. பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், தவறாகப் பார்த்தால் என்ன தண்டனை என்பவை கம்பம் நடுவதற்கு முன்பே எழுதப்பட வேண்டியவை.

நாம் என்ன கேட்க வேண்டும்?

நம் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்து, கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் பெரும்பாலும் நாம் போவதில்லை. போனாலும் திரையில் ஓடும் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் சில:

இந்தச் சாலையில் இன்று அதிகம் சிரமப்படுவது யார்? அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பேருந்துக்கு சிக்னலில் முன்னுரிமை உண்டா?

சாலையைக் கடக்கும் முதியவருக்கும் குழந்தைக்கும் எத்தனை விநாடி?

கைபேசிச் செயலி இல்லாதவருக்கு இந்தச் சேவை எப்படிக் கிடைக்கும்?

கருவி பழுதானால் சரிசெய்வது யார்? அதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா? ஐந்து ஆண்டில் இந்தத் தொழில்நுட்பம் பழையதாகிவிட்டால் என்ன செய்வீர்கள்?

கேமராவில் பதிவாவது யார் கையில் இருக்கும்?

திட்டம் வெற்றியா தோல்வியா என்பதை எதை வைத்து, எப்போது சொல்வீர்கள்?

இவற்றைக் கேட்கப் பொறியியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அந்தச் சாலையில் தினமும் நடப்பவராக, பேருந்துக்குக் காத்திருப்பவராக, பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவராக இருந்தாலே போதும். சொல்லப்போனால், திட்டம் போடுபவரிடம் இல்லாத தகவல் அவர்களிடம்தான் இருக்கிறது. எந்த நிறுத்தத்தில் நிழல் இல்லை, எந்தச் சந்திப்பில் மாலையில் கடக்க முடியாது, எந்த நேரத்துக்குப் பிறகு பேருந்தே வராது என்பது எந்த சென்சாருக்கும் முன்பாக அவர்களுக்குத் தெரியும்.

கொலம்பஸில் கோடிக்கணக்கான டாலர்களைச் செலவழித்துக் கிடைத்த பாடமும் இதுதான். லிண்டனில் இருந்த கர்ப்பிணிக்கு வேண்டியிருந்தது, கூப்பிட்டால் வரும் ஒரு வண்டியும் நேரத்துக்கு வரும் ஒரு பேருந்தும். அந்தத் தேவையை முதல் தாளில் எழுதிவிட்டுத் தொடங்கும் திட்டத்தில் சாதாரணக் கருவியும் பலன் தரும். அந்தத் தாள் வெறுமையாக இருந்தால், எவ்வளவு உயர்ந்த கருவியும் திறப்பு விழாவோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும்.